புகைக் கிடாவுக்குத் துண்டு போட்ட வெள்ளிக்கிழமை

ஆவணி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்து, செஞ்சியில் ஓடும் வண்டிகளின் புகை கலைந்து போகாமல், குழாயை விட்டு வெளியே வந்ததும் ஆடாக மாறி வண்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது. அன்றைக்கு வாரச்சந்தையில் பத்துக் கிலோ தேறும் வெள்ளாட்டுக் கிடா ஏழாயிரத்து ஐந்நூறுக்குப் போனது, மழை இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் நான்கு ரோட்டிலும் ஆடு வருவது வழக்கம் என்பதால் முதல் இரண்டு மணி நேரம் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. வெயில் ஏறி, ஆடுகளின் வயிற்றின் வழியே அந்தப் பக்கத்து ராஜகிரி மலை தெரிந்தபோதுதான் இவை வேறு ஆடுகள் என்று தெரிந்தது. பைக்குகளுக்குப் பின்னால் குட்டிகள் வந்தன. கார்களுக்குப் பின்னால் அடக்கமான பெட்டை ஆடுகள் வந்தன. டீசல் ஷேர் ஆட்டோக்களுக்கு ஒரு வயது தாண்டி இரண்டு பல் போட்ட கிடாக்கள், லாரிக்கும் பஸ்ஸுக்கும் எருமை உயரத்தில் தாடி வைத்த கிடாக்கள். ஒரு வண்டிக்கு ஒரே ஆடுதான். ஓட ஓட அது கொழுத்தது. பழைய வண்டியாக இருந்தால் சீக்கிரம் கொழுத்தது.

அவை புல்லைத் தொடவில்லை. கொடியில் காயும் வேட்டியின் வெள்ளையைத் தின்றன, போன பொங்கலுக்கு அடித்த சுவரின் வர்ணத்தைத் தின்றன, கைக்குழந்தைகளின் விடியற்காலைத் தூக்கத்தைத் தின்றன, கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் மூச்சில் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொண்டன. ஆனால் ஒரு ஆடும் தன் சொந்தக்காரர் வீட்டில் வாய் வைக்கவில்லை. ராத்திரி முழுக்க வாசலில் சாதுவாகப் படுத்துவிட்டு, பொழுது விடிந்ததும் அடுத்த தெருவுக்கு மேயப் போய்விடும். அதனால் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஆடு மட்டும் நல்ல ஆடு என்று சொன்னார்கள், அது உண்மையும்கூட. இரண்டாவது வாரம் சென்னைப் பக்கத்து வியாபாரி ஒருவர் இருட்டோடு வந்து, தடவிப் பார்த்து, நாற்பது புகையாடுகளை வாங்கி லாரியில் ஏற்றிப் போனார். திண்டிவனம் தாண்டுவதற்குள் நாற்பதும் லாரியின் சொந்தக் கிடாவோடு சேர்ந்துகொண்டன. போய் இறங்கும்போது வீட்டுயரத்தில் ஒரே ஒரு கிடா இருந்தது, அதுவும் லாரிக்காரருடையது. வியாபாரி போன் செய்து சண்டை போட்டார். பல் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று தரகர்கள் தரகுக் காசைத் திருப்பித் தரவில்லை.

ஷேர் ஆட்டோ ஸ்டாண்டிலேயே பெரிய கிடா தேவேந்திரனுடையது. செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவே பதினேழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த டீசல் ஆட்டோ அவருடையது; சைலன்சர் வளைந்திருந்த அதே கோணத்தில் கிடாவின் இடது கொம்பும் வளைந்திருந்தது. அது வரும்போது பைக்குகள் தானாக ஓரம் ஒதுங்கியதால் ஸ்டாண்டுக்காரர்கள் அதற்கு மினிஸ்டர் என்று பேர் வைத்தார்கள்.

“இன்னாபா தேவேந்திரா, உன் கிடாவுக்கு நாங்கல்லாம் எழுந்து நிக்கணும் போல இருக்குது” என்றார் ஒருவர்.

“தீனியே வெக்கறது இல்லபா. அதுவா வளருது” என்றார் தேவேந்திரன் பெருமையாக.

அவருடைய மகள் அனு பதினோராம் வகுப்புப் படித்தாள். பள்ளிக் கபடி அணியில் எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போகிறவள் அவள்தான். ஒரே மூச்சில் எத்தனை கபடி சொல்ல முடியும் என்பதை வைத்துத்தான் அவளுடைய ஆட்டம். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அறுபத்திரண்டு சொன்னாள். சாயங்காலத்தில் வாசலில் நின்று அவள் பாட, தேவேந்திரன் எண்ணிக்கொண்டிருப்பார். ஐம்பதுக்கு மேலே போனால் அவரும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொள்வார். புரட்டாசி பிறந்தபோது அவளுடைய கணக்கு நாற்பத்தொன்றாக ஆகியிருந்தது. பரீட்சை வருகிறது, விளையாட்டு சார் பள்ளியிலேயே எண்ணிவிடுகிறார் என்று சொல்லி அவள் வாசலில் பாடுவதை நிறுத்திவிட்டாள். டிசம்பரில் விழுப்புரத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் வர வேண்டாம் என்று சார் சொல்லியிருந்தார்.

மூச்சு எங்கே போகிறது என்று அனுவுக்குத் தெரியும். தினமும் காலை எட்டே காலுக்கு அவள் பஸ் ஸ்டாண்டு வாசலைக் கடக்கும்போது ஒரு கிடா எதிரே வந்து நின்று, அவள் முகத்துக்கு நேரே வாயைக் கொண்டுவந்து, கிளையிலிருந்து கொழுந்தைக் கடிப்பது போல மூச்சில் ஒரு வாய் கடித்துக்கொண்டு போகும். வலிக்காது. இடது கொம்பு வளைந்த கிடா அது. வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் யார் யாருடைய மகள் என்று ஆட்டுக்குத் தெரியாது. அனு இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் அவளுக்கு டைபாய்டு வந்தபோது தேவேந்திரன் மூன்று வாரம் ஆட்டோவை எடுக்காமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் முழுக்க வீட்டில் ரேஷன் அரிசியும் ரசமும்தான். இப்போது தெரிந்தால் அவர் அன்றைக்கே ஆட்டோவை விற்றுவிடுவார். சொன்னால் சோறு போகும், சொல்லாவிட்டால் மூச்சு போகும் என்பதால் அவள் வாயை மூடிக்கொண்டு தூங்கப் பழகினாள்.

அந்தப் புரட்டாசியில்தான் மணிமொழி செஞ்சிக்கு வந்தாள். பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் பொருளாதார ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவளுக்கு, வண்டிப் புகையால் ஒரு சிறு ஊருக்கு வருஷத்துக்கு எத்தனை ரூபாய் நஷ்டம் என்று கணக்கிட்டுத் தர வேண்டிய வேலை. ஆடுகளைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை, நிம்மதியடைந்தாள். மற்ற ஊர்களில் மெஷின் வைத்து அளக்க வேண்டும், இங்கே தலையை எண்ணினால் போதும். எண்ணி முடிக்க நான்கு நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். ஆஸ்பத்திரிச் செலவையும் வேலைக்குப் போகாத நாளையும் ரூபாயில் எழுதிவிடலாம். குழந்தையின் தூக்கத்துக்கும் வேட்டியின் வெள்ளைக்கும் கடையில் விலை கிடையாது. அதற்காக அவளுடைய படிவத்தில் முப்பத்து நான்காவது கேள்வி இருந்தது: இந்த ஆடுகள் உங்களிடம் மேயாமல் இருக்க மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்? நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் அதைக் கேட்டாள். பெரும்பாலானவர்கள் ஒன்றும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். சிலர், நீ எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று திருப்பிக் கேட்டார்கள். ஆடு தின்ற வெள்ளையை மீட்க ஒவ்வொரு துணியையும் இரண்டு தடவை துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்கடை லட்சுமியம்மாள் நெடுநேரம் யோசித்து இரண்டு ரூபாய் என்றார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது புகையால் செஞ்சிக்கு ஒரு வருஷ நஷ்டம் பதினோராயிரத்து இருநூறு ரூபாய் என்று வந்தது. அதாவது ஒன்றரைக் கிடா.

சந்தைமேட்டு டீக்கடையில் அவள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஆட்டுத் தரகர் இளவரசன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷமாக ஆடு பேசிவிடுகிறவர். தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னா மேடம், நடு வூட்டுல நின்னு சத்தமா வெல கேட்டா யாரு சொல்லுவா? இந்த ஊர்ல மொதல்ல வாயத் தொறந்தவன் தோத்தான்.”

“வேற எப்படிண்ணா கேக்கறது?”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மணிமொழியின் வலது கை மேலே போட்டு, அதற்கு அடியில் தன் கையை விட்டார். செஞ்சிச் சந்தையில் ஆட்டுக்கு விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள்; பிடித்த விரல் இத்தனை, அது பத்தா நூறா ஆயிரமா என்பது இருவருக்கும் தெரியும், சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. வாய் பொய் சொல்லும், முகம் நடிக்கும், ஆனால் துண்டுக்குள் போன விரல் பொய் சொன்னதாக அந்தச் சந்தையில் இதுவரை புகார் வந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மணிமொழி சந்தை வேப்பமரத்தடியில் ஒரு பச்சைத் துண்டோடு உட்கார்ந்தாள். லட்சுமியம்மாள்தான் முதலில் வந்தார். ஐந்து விரலையும் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பத்து நிமிஷம் வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெட்டியில் கரி அணைந்துவிடும் என்று போய்விட்டார். வாயால் இரண்டு ரூபாய் என்று சொன்னவர் விரலால் மூவாயிரத்து நானூறு சொல்லியிருந்தார். கைக்குழந்தைக்காரர் ஒருவரின் ஒரே கையில் பன்னிரண்டு விரல் இருந்ததை மணிமொழி எண்ணி, அப்படியே எழுதிக்கொண்டாள். பழைய வேப்பமரம்கூட ஒரு கிளையைத் துண்டுக்குள் விட்டது. அதன் கணக்கு புரியாததால் தனியாகக் குறித்து வைத்தாள். இரண்டு வெள்ளிக்கிழமை முடிவதற்குள், ஊரில் இருக்கிற வண்டிகளை எல்லாம் விற்றாலும் கட்டாது என்கிற அளவுக்குத் தொகை வந்துவிட்டது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பள்ளிச் சீருடையில் அனு வந்து உட்கார்ந்தாள். துண்டுக்குள் அவள் கை ஜில்லென்று இருந்தது.

“என்னம்மா போச்சு உனக்கு?” என்று மணிமொழி கேட்டாள்.

“மூச்சுக்கா. பேரு எழுதுவீங்களா?”

“எழுத மாட்டேன்.”

“எந்த ஆடுன்னு எழுதுவீங்களா?”

“என்ன வண்டின்னு மட்டும் எழுதுவேன்.”

“ஷேர் ஆட்டோ.” அனு விரலைப் பிடிக்காமல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. “எங்க நைனாவோடதுக்கா. தெரிஞ்சா வண்டிய வித்துடும். வித்துட்டா நாங்க சாப்பாட்டுக்கு இன்னா பண்றது? நான் பேசாம கபடிய வுட்டுடலாம்னு பாக்கறேன். ஆனா கபடிய வுட்டாலும் அது வுடாதுல்ல? தெனமும் வருது. பயமா இருக்குதுக்கா.”

மணிமொழி பேனாவை மூடி வைத்தாள். “இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியலம்மா” என்றாள். அவள் படிவத்தில் ஐம்பத்தெட்டுக் கட்டங்கள் இருந்தன.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆட்டு விலை இரண்டு மடங்காகும் என்பதால், அன்றைக்குத் தேவேந்திரன் மினிஸ்டரைச் சந்தைக்கு ஓட்டி வந்தார். அதற்குள் அது நான்கு பல் போட்டிருந்தது. விற்கிற காசில் அனுவுக்குக் கபடி ஷூ வாங்குவது என்று முடிவு செய்திருந்தார். விழுப்புரம் போகிற பெண் வெறும் காலோடு போகக் கூடாது. இளவரசன் கிடாவின் இடுப்பைப் பிடித்துப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, ஆடு நல்ல ஆடு என்றார். ஆனால் வேப்பமரத்தடித் துண்டுக்குப் பிறகு சந்தைக்கு ஒரு விஷயம் விளங்கியிருந்தது: புகையாட்டுக்கு வாங்குகிறவன் காசு கொடுப்பதில்லை, விற்கிறவன்தான் கொடுக்க வேண்டும். இதைத் தேவேந்திரனிடம் சொன்னபோது அவர் கேலி என்று நினைத்தார். துண்டுக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். எதிர்ப்பக்கம் கை விட யாரும் வரவில்லை. மினிஸ்டர் பக்கத்தில் நின்றவர்களின் மூச்சை ஒன்றிரண்டு வாய் கடித்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அனு வந்து துண்டுக்குள் கையை விட்டாள்.

“இன்னாடி, நீ வாங்கப் போறியா?” என்று தேவேந்திரன் சிரித்தார்.

அவள் துண்டுக்குள் அவர் விரல்களைத் தேடினாள். முதலில் அவருடைய இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தாள், அது பத்துக் கணக்கு. விட்டுவிட்டு ஒரு விரலைப் பிடித்தாள், அது ஒற்றை.

“எவ்ளோபா?” என்றார் இளவரசன்.

“இருபத்தொண்ணு சொல்றா.” தேவேந்திரன் கூட்டத்தைப் பார்த்தார். “இருபத்தோராயிரமா கண்ணு? ஆயா வூட்டு சொத்தா வெச்சிருக்கற?”

“ரூவா இல்ல நைனா.”

“பின்ன இன்னா?”

“கபடி.”

தேவேந்திரனுடைய சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. “அறுபத்திரண்டுலயா?” என்று கேட்டார். அனு தலையாட்டினாள். அவர் மனசுக்குள் கழித்துப் பார்த்து, நாற்பத்தொன்று என்று வாயசைத்தார். கிடாவின் வளைந்த கொம்பைப் பார்த்தார், பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தார், தான் தினமும் எட்டே காலுக்கு ஆள் ஏற்ற இன்ஜினை அணைக்காமல் அங்கே நிறுத்துவதை நினைத்துக்கொண்டார். துண்டுக்குள் அவர் அவள் கையை விடவே இல்லை. சந்தையில் நிஜ ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

“வண்டிய வித்துடறேன்” என்றார்.

அனு பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் பதில் சொன்னது இளவரசன். “வித்தா வாங்கறவன் ஓட்ட மாட்டானா? கிடா அவன் பின்னால போயி வேற எவன் பொண்ணயோ மேயும். ஆனா சந்தையில துண்டு போட்டு கைமாறின ஆடு வாங்கனவன் எடத்துல மட்டும்தான் மேயும், அது தெரியும்ல உனக்கு? அப்ப நீயே வாங்கு.”

“என் கிடாவ நானே வாங்கறதா?”

“ஏன், உனக்கு ரெண்டு கை இல்ல?”

இப்படி ஒரு வியாபாரம் செஞ்சிச் சந்தையில் அதுவரை நடந்ததில்லை. இளவரசன் தேவேந்திரனுடைய வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே துண்டைப் போட்டார். விற்கிற கை வலது, வாங்குகிற கை இடது. இருபது நிமிஷம் பேரம் நடந்தது. நடுவில் ஒருதரம் இடது கை கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது, சமாதானம் சொல்லித் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். கடைசியில் படிந்தது. என்ன விலை என்று தேவேந்திரன் தன் மனைவி அன்புக்கரசியிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை. இளவரசன் வழக்கப்படி விற்றவரிடம் ஒரு தரகும் வாங்கியவரிடம் ஒரு தரகும் வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் கபடி ஷூ தள்ளிப்போனது.

அன்று சாயங்காலத்திலிருந்து மினிஸ்டர் தேவேந்திரனை மட்டும் மேய்ந்தது. பேரம் அவருடைய கைகளுக்குள் நடந்ததால் அன்புக்கரசியையும் அனுவையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டை ஒரே வாரத்தில் வெளுத்தது. விடியற்காலைத் தூக்கம் போனது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் பதினேழு வருஷம் தெரியாத கணக்கு அவருக்கு நெஞ்சிலேயே தெரிய ஆரம்பித்தது: ஸ்டாண்டில் பத்து நிமிஷம் இன்ஜினை அணைக்காமல் நின்றால் ஒரு மாடிப்படி போகும், பதினாலு பேரை ஏற்றி மேட்டில் முக்கினால் ஒரு ராத்திரித் தூக்கம் போகும். அவர் ஸ்டாண்டில் இன்ஜினை அணைத்தார். மெக்கானிக்கிடம் போய் இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார். விலை குறைவாகக் கிடைக்கிற கலப்பு டீசலை நிறுத்தினார். மினிஸ்டருக்குப் பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. கார்த்திகை தீபத்தன்று அது மடியில் தூக்கி வைக்கிற குட்டியாக இருந்தது. ஸ்டாண்டுக்காரர்கள் அதற்கு மினிஸ்டர் என்பதை மாற்றி வார்டு மெம்பர் என்று பேர் வைத்தார்கள்.

அதைப் பார்த்து மற்ற ஆட்டோக்காரர்களும் சில கார்க்காரர்களும் தங்கள் ஆட்டைத் தாங்களே வாங்க வந்தார்கள். சந்தையின் வடக்கு ஓரத்தில் அதற்கென்று இடம் ஒதுக்கப்பட்டது. ஒரு கை இன்னொரு கையோடு சண்டை போடுவதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வந்தார்கள். வர மாட்டேன் என்றவர்களும் நிறைய. லாரிக் கிடாக்களுக்கும் பஸ் கிடாக்களுக்கும் போதுமான அகலத்தில் துண்டு கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள். மணிமொழி அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். அதில் ரூபாய், வேலை நாள், தூக்க மணி என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் கபடி என்று ஒரு பத்தி இருந்தது. ஒரு கபடிக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பினார்கள். செஞ்சியில் விலை இன்னும் படியவில்லை என்று எழுதி அவள் மறுபடி அனுப்பினாள். அதற்குப் பிறகு அது திரும்பி வரவில்லை.

டிசம்பரில் விழுப்புரத்துக்கு அனு வெறும் காலோடு போனாள், பஸ்ஸில். ஆட்டோவில் போனால் குட்டிக்குத் தீனி போட்டதாகிவிடும் என்று தேவேந்திரனும் அவளோடு பஸ்ஸிலேயே வந்தார், குட்டியும் வந்தது. பாதி குரல் ஆட்டுக்குப் போய்விட்டதால் அவரால் கத்த முடியவில்லை; கயிற்றுக்கு வெளியே நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார். அனு கோட்டைத் தாண்டிப் பாடிப் போனாள். இரண்டு பேர் அவள் காலைப் பிடித்தார்கள், ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், அனு விடாமல் பாடிக்கொண்டே மூன்று பேரையும் இழுத்து வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். ஐம்பத்தெட்டு. பட்டியலில் கடைசிப் பெயராக அவள் பெயரை எழுதினார்கள். அணியில் பன்னிரண்டு பேர், அவள் பன்னிரண்டாவது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் வந்து சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“ஆட்டுக்கு லக்கேஜ் போடணும்.”

“இது புகைபா” என்றார் தேவேந்திரன், மிச்சம் இருந்த குரலில்.

“புகையா இருந்தா இன்னா, எடத்த அடைக்குதுல்ல?”

அது நியாயமாக இருந்ததால் தேவேந்திரன் மேற்கொண்டு பேசாமல் காசைக் கொடுத்தார். பக்கத்தில் அனு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், மூச்சு ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தது. டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குட்டிக்குக் கொஞ்சம் காற்று வரட்டும் என்று அவர் ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டார். குட்டி வெளியே போகவில்லை.